விற்ற குதிரையும் நம் குதிரைதான்!

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை குதிரை வளர்ப்போர், கடற்கரையில் சவாரி ஓட்டுவோர், லாடம் அடிப்போர் அனைவருக்கும் அவசர அறைகூவல்

தோழர்களே!

ஐப்பசி நெருங்குகிறது. மழை இறங்கிவிட்டால் கடற்கரைக்குக் கூட்டம் வராது. கூட்டம் இல்லையென்றால் சவாரி இல்லை. சவாரி இல்லாத நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கயிறு அவிழும். குதிரை தீனி தேடிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரும். இருட்டில், கொட்டும் மழையில், லாரி வெளிச்சத்துக்கு எதிரே திகைத்து நிற்கும். அந்த நாள் வருவதற்குள் நாம் கூடியாக வேண்டும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை.

முப்பது ஆண்டுகளாகக் குதிரை வளர்க்கிறேன். போன சித்திரையில் ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக் கோயிலுக்கு அந்தப் பக்கம், நல்ல வெயிலில், ஒரு செவலைப் பெட்டை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கிட்டே போனதும் நெற்றியைப் பார்த்தேன். இரட்டைச் சுழி, ஒன்றின் கீழ் ஒன்று, கீழ்ச்சுழி சற்றே இடப்பக்கம் ஒதுங்கி. நாமெல்லாம் சுழி பார்த்து வாங்குகிறவர்கள். முகம் மறந்தாலும் சுழி மறக்காது. அது என் கொட்டிலில் பிறந்த குட்டி. தை மாத விடியலில் தாயின் காலடியில் ஈரத்தோடு விழுந்ததை வைக்கோலால் துடைத்தவன் நான். மூன்று வயதில் நல்ல விலைக்கு விற்றேன். பிறகு ஏழு ஆண்டுகள் அது எங்கே இருக்கிறது என்று ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை.

சேணத்தை இறக்கச் சொன்னேன். அடியில் மடித்துப் போட்டிருந்த சாக்கில் ரோமம் ஒட்டிக்கொண்டு வந்தது. முதுகெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உதட்டை விலக்கினேன். வாய்க்கோடி இரண்டிலும் முள்கடிவாளம் அறுத்த தழும்பு, பழைய தழும்பின் மேல் புதியது. குளம்பு நீண்டு, விளிம்பு பிளந்திருந்தது. தொடாமலே விலா எலும்பை எண்ண முடிந்தது. ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு இருபது வயது இருக்காது. “நான் வாடகைக்கு ஓட்டுறேண்ணே. சாயந்தரம் கணக்குக் குடுக்கணும். இதையெல்லாம் பாக்கணும்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலண்ணே” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு முன்னால் மூன்று கை மாறியிருந்தது. அந்த மூன்று கைக்கும் முன்னால் என் கை.

குட்டியாக இருந்தபோது கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. தலையைத் தூக்க அதற்குத் தெம்பு இல்லை.

தோழர்களே, இந்தக் கேடு நேற்று முளைத்ததல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதைத்தான் எழுதிவைத்துப் போனார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. அரசர் ஒருவரே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினார். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சவில்லை என்கிறார் அவர். பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படித் தெரிந்தவர்களை, குதிரை விற்ற வணிகர்களே வரவிடவில்லை. இருக்கிற குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுத்ததாம். ஆக, விற்றவனுக்கு எந்த நிலையிலும் நட்டமில்லை. செத்தது குதிரை மட்டும்.

எழுநூறு ஆண்டு கழித்தும் நாம் அந்த வணிகர்களின் வழியிலேயே நடக்கிறோம். பணத்தை எண்ணி வாங்கி, கயிற்றைக் கையில் கொடுத்து, முதுகைத் திருப்பிக்கொள்கிறோம்.

மாணிக்கவாசகருக்காக இறைவன் நரியைப் பரியாக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று பரியை நரியாக்கிக்கொண்டிருக்கிறோம். இரவில் குப்பைமேட்டைக் கிளறி வயிறு வளர்க்கும் பிறவியாகக் குதிரையை மாற்றிவிட்டோம். ஊட்டிச் சாலைகளில் குப்பைத்தொட்டிக்குள் வாய்விட்டு நிற்கும் குதிரைகளைப் பார்க்காதவர் உண்டா? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிளாஸ்டிக் பை மேலே வர வழியே இல்லை. குடலை அடைத்துக்கொண்டால் தரையில் உருண்டு உருண்டு சாகும். அந்தச் சாவைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தீனியும் தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் விடுவதையும், பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவதையும் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை. இங்கே காவல் நிற்க வேண்டியது நம் மனசாட்சி.

சினைக்கு விடுவது யார் முடிவு? குதிரையின் முடிவா? நம் முடிவு. பதினொரு மாதம் தாய் சுமக்கிறாள். பிறகு வருகிற உயிர் நன்றாகப் பேணினால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். அதில் கடற்கரை உழைப்புக்கு உதவும் காலம் போக மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு? “வித்தாச்சு, இனி எனக்கென்ன” என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நாம் போய் வருவதில்லையா? அவள் வாடி நின்றால் கேட்பதில்லையா? பிறப்பித்தவன் பொறுப்பு அதன் கடைசி மூச்சு வரைக்கும். இதுதான் நான் சொல்ல வந்தது. இதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தீனிக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. சவாரி ஓட்டும் தம்பியின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பட்ட பாடு நினைவிருக்கிறதா? டிசம்பர் நடுவில்தான் மெரினா திறந்தது. அத்தனை மாதமும் குதிரைகள் தின்றது யார் யாரோ இரங்கிக் கொடுத்த தீனி. அடுத்த முறை இன்னொருவர் இரக்கத்துக்காக நம் குதிரை காத்திருக்கக் கூடாது. தனியாக முடியாததைக் கூட்டாகச் செய்வோம்.

செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, இந்த மழைக்காலத்தில் ஒரு குதிரையும் சாலையில் நிற்கக் கூடாது. சொர்ணவாரி அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் கிடைக்கும் காலம் இது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இப்போதே வாங்கிப் போர் போடுவோம். வைக்கோல் மட்டும் போதாது. கொள்ளும் தவிடும் பசும்புல்லும் வேண்டும். முந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஆறு கிலோ உலர்தீவனமாவது, இருபத்தைந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். கொட்டில் இருப்பவர்கள் இல்லாதவர்களின் குதிரைக்கு இடம் கொடுங்கள். என் கொட்டிலில் நான்கு குதிரைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, மணலில் தீனி போடாதீர்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். சந்தேகம் இருந்தால் நாலு உருண்டை லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, முள்கடிவாளத்தை இன்றே கழற்றி எறியுங்கள். அது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. சுமக்கும் விலங்கை நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, 37 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பகல் 12 முதல் 3 வரை வேலையே வாங்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நம் ஊர் சித்திரை, வைகாசிக்கு என்றே எழுதியதுபோல இருக்கிறது. மட்டக்குதிரை மேல் எழுபது கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது. அப்படியிருக்க அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஏற வந்தால் “ஒருத்தர்தான்” என்று சொல்லிப் பழகுங்கள். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

நான்காவது, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் மாற்றுங்கள். ரணஜன்னித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். வயதான குதிரை இளைத்தால் முதலில் பல்லைப் பாருங்கள். கூரான பல்லை அரம் போட்டுவிட்டால் மறுபடி மெல்லும். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

ஐந்தாவது, இது வளர்ப்போருக்கு. நிற்க இடம் உறுதியாகாமல் இனி ஒரு குட்டியும் வேண்டாம். இனப்பெருக்கத்துக்கு வேண்டாத ஆண் குதிரையை மருத்துவர் கையால் காயடித்துவிடுங்கள். அந்தியூர்ச் சந்தையில் விற்றாலும் சரி, வீட்டு வாசலில் விற்றாலும் சரி, நிறம், சுழி, பிறந்த நாள், படம், வாங்குபவரின் கைபேசி எண் எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். “வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் ஒவ்வொரு குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். தெருவில் விட்டாலும் யாருடையது என்று தெரிந்துவிடும். நமக்கு இப்போதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

கடைசியாக ஒன்று. வைத்தியத்துக்கு மிஞ்சிய வலியில் கிடக்கும் குதிரையைச் சவுக்குத் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். மருத்துவரைக் கூப்பிட்டு அமைதியான முடிவைக் கொடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். பிறந்தபோது நின்ற நாம் போகும்போதும் நிற்க வேண்டும்.

செவலை இப்போது என் கொட்டிலில் இருக்கிறது. கேட்ட விலையைக் கொடுத்து மீட்டு வந்தேன். ஊறவைத்த கொள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. முதுகுப் புண் ஓரத்திலிருந்து மூடி வருகிறது. அந்த இடத்தில் இனி ரோமம் வெள்ளையாகத்தான் முளைக்கும் என்கிறார் மருத்துவர். என் நோட்டின் முதல் பக்கத்தில் அதன் சுழியை வரைந்து வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் நான் இதுவரை விற்ற குதிரைகளின் பட்டியல். பதினொன்று இருக்கின்றன. ஆறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். இன்னும் ஐந்தைத் தேட வேண்டும்.

நீங்களும் உங்கள் பட்டியலை எழுதுங்கள். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்கும் இடத்துக்கு வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு நோட்டு, ஒரு படி கொள்ளு, நீங்கள் விற்ற குதிரையின் பழைய படம் இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். வாடகைக்கு ஓட்டும் தம்பிகளையும் கூட்டி வாருங்கள். அவர்களைத் திட்டுவதற்கு அல்ல, கற்றுக்கொடுக்க.

மேகம் கூடிக்கொண்டிருக்கிறது, தோழர்களே. முதல் மழைக்கு முன்னால் நம் பிள்ளைகளைக் கூரைக்குள் சேர்த்துவிடுவோம். வாருங்கள்!