நாளைக்கு லீவா பாஸ்?

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னை கேம்பஸ்களில் ஒரே ஒரு கேள்விதான் ஓடும். இன்டர்னல் மார்க், பிளேஸ்மென்ட் எல்லாம் அப்புறம். “மச்சி, நாளைக்கு லீவா?”

ஒரு காலத்தில் இதற்கான ஒரே அத்தாரிட்டி ரமணன் சார்! சென்னை வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர்.ரமணன் டி.வி.யில் தலையைக் காட்டி, காற்றழுத்தத் தாழ்வு என்று வாயைத் திறந்தாலே போதும், பசங்க பையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். 2016 மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றபோது, சொந்தத் தாய்மாமன் ஊரைவிட்டுப் போனது மாதிரி ஃபீல் பண்ணினார்கள் மாணவமணிகள். இத்தனைக்கும் அவர் ஒரு நாள்கூட யாருக்கும் லீவு விட்டதில்லை. மழை வருமா என்று சொல்வதுதான் நுங்கம்பாக்கத்தின் வேலை. லீவு விடுவது கலெக்டர் கையில். இரண்டும் வேறு வேறு டிபார்ட்மென்ட் பாஸ்!

சரி, மேட்டருக்கு வருவோம். 2024 அக்டோபர் 15, 16 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு ரெட் அலர்ட். ஸ்கூல், காலேஜ் மூடியாச்சு. ஐ.டி. கம்பெனிகள் ‘வீட்டிலிருந்தே தட்டுங்க’ என்று சொல்லியாச்சு. வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்து படுத்தார்கள். 15-ம் தேதி மழை வெளுத்தது. அதிலும் வடக்குப் பக்கம் செம அடி. ஆனால், ‘இன்னிக்குத்தான் மெயின் பிக்சர்’ என்று எல்லோரும் காத்திருந்த 16-ம் தேதி, நகரத்தின் பெரும்பகுதியில் சப்பென்று முடிந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கிவிட்டது. உடனே ஆரம்பித்தது கலாட்டா. ரெட் அலர்ட் என்றால் வடை சுட பஜ்ஜி மாவு ரெடி பண்ணும் நாள் என்கிற ரேஞ்சுக்குக் கலாய்த்துத் தள்ளினார்கள்.

நான் கேட்பது இதுதான். அன்றைக்கு மேம்பாலத்தில் கார் நிறுத்தியவர் ஏமாந்தவரா? இல்லை, விவரமானவரா?

விடை தெரிய கோட்டூர்புரம் வரை ஒரு நடை போய் வரலாம், வாங்க. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பரீட்சைக்கு முட்டி மோதும் கூட்டத்துக்கும், கிண்டி பக்கம் படித்துவிட்டு இங்கே பேயிங் கெஸ்ட்டாக ஒதுங்கியிருப்பவர்களுக்கும் ஏரியா அத்துப்படி. நந்தனத்திலிருந்து வரும்போது ஒரு பாலம் ஏறி இறங்குகிறீர்களே, அதன் அடியில் ஓடுவதுதான் அடையாறு. வருஷத்தில் பாதி நாள் கறுப்பாக, சோம்பேறியாக, மூக்கைப் பொத்த வைக்கும் ஆறு. அதற்கும் கோபம் வரும் என்று 2015 டிசம்பர் வரை நிறைய பேருக்குத் தெரியாது.

அந்த டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரை மணி கணக்கைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மீனம்பாக்கத்தில் 35. செம்பரம்பாக்கத்தில் 47. தாம்பரத்தில் 49! ஆற்றின் மேல்பக்கம் போகப் போக நம்பர் எப்படி எகிறுகிறது பாருங்கள். ஏற்கெனவே நவம்பர் முழுக்கக் கொட்டியதில் ஏரி, குளம் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. பெய்தது எதுவும் தங்க இடமில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கன அடி. அது போக, ஆற்றின் இரண்டு பக்கமும் உள்ள ஏரிகளின் உபரி நீர் வேறு. எல்லாம் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக நகரத்துக்குள் வந்தது. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடியது. கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரை சித்ரா நகர் குடியிருப்புகளில் கீழ்த்தள வீடுகள் மூழ்கின. ஏரியைத் திறந்த விதம் சரியா தப்பா என்று பல வருஷம் சண்டை நடந்தது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை கடுமையாகவே குட்டு வைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பாயின்ட் ஒன்று உண்டு. கோட்டூர்புரத்துக்காரர் தன் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அவர் தலையெழுத்து தாம்பரம் பக்கத்து வானத்தில் எழுதப்படுகிறது. இங்கே மழை விட்ட பிறகும் ஆறு ஏறும். ‘அதான் மழை நின்னுடுச்சே’ என்று போர்வையை இழுத்து மூடுகிற நேரத்தில் தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிடும். மழை முன்னறிவிப்பு வேறு, வெள்ள முன்னறிவிப்பு வேறு என்பதைச் சென்னை அந்த ராத்திரிதான் கற்றுக்கொண்டது. அதுவரை ‘கனமழை பெய்யும்’ என்று சொல்ல ஆள் இருந்தது. ‘உங்க தெருவுக்கு இத்தனை மணிக்குத் தண்ணி வரும்’ என்று சொல்ல ஆள் இல்லை. அப்புறம்தான் ஐ.ஐ.டி. பாம்பே, ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் கைகோத்து, எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்று வார்டு வாரியாகக் கணிக்கும் ‘சி-ஃப்ளோஸ்’ என்ற சிஸ்டத்தை உருவாக்கினார்கள். 2019-ல் அது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து கேம்பஸில் நடந்த வேலை. கான்டீனில் யாராவது இதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

‘வானிலைக்காரங்க சரியா சொல்ல மாட்டாங்களா?’ என்று ஒரு பெரிய மூச்சு விடுகிறீர்கள். ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மும்பையை எடுத்துக்கொள்வோம். அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூன் இரண்டாவது வாரம் வாக்கில் வந்தால், செப்டம்பர் வரை டேரா போட்டுவிடும். அரபிக் கடலில் இருந்து வரும் ஈரக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை வழிமறித்து மேலே தள்ளுகிறது. காற்று மேலே போனால் குளிரும், குளிர்ந்தால் மழை. கிட்டத்தட்ட ஃபேக்டரி மாதிரி. சாந்தாகுரூஸில் ஜூலை மாதம் மட்டும் சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் கொட்டும். ‘நாளைக்கு மழை’ என்று ஜூலையில் மும்பையில் சொல்ல நீங்களும் நானும் போதும். ஆனால் எவ்வளவு, எந்தப் பேட்டையில் என்று கேட்டால் அங்கேயும் ததிங்கிணத்தோம்தான். 2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. அதே ஊர், அதே நாள், தெற்கே கொலாபாவில் 73 மி.மீ! ஒரே லோக்கல் டிரெயின் டிக்கெட்டில் போய்விடக்கூடிய தூரம். ஒரு முனையில் பிரளயம், இன்னொரு முனையில் குடையை மடக்கிக்கொண்டு டீ குடித்திருக்கலாம்.

நம்ம வடகிழக்குப் பருவமழை இன்னும் மூடி டைப். வருஷத்தில் சென்னைக்குக் கிடைக்கும் சுமார் 140 செ.மீ.யில் பாதிக்கும் மேலே அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். அதுவும் தினம் கொஞ்சம் என்று டிப்பன் பாக்ஸில் போட்டுத் தராது. வங்கக் கடலில் நாலைந்து சுழற்சிகள் உருவாகி, அவை நம் பக்கம் திரும்பினால் உண்டு. ஐம்பது கிலோ மீட்டர் வடக்கே போனால் ஆந்திராவுக்கு யோகம். தெற்கே போனால் கடலூருக்குச் சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவின் பாபட்லா பக்கம்தான். ஆனால் போகிற வழியில் சென்னைக்கு எதிரே கடலில் நின்று நிதானித்ததில், இரண்டு நாள் நாம் நனைந்து நாறிப்போனோம்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கணிக்கிறார்களே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் கணக்குப் போடுவார்கள். இந்திய வானிலைத் துறையின் கட்டம் ரொம்ப நாள் 12 கி.மீ. அகலமாக இருந்தது. 2025 மே மாதம் வந்த ‘பாரத்’ மாடலில் அது 6 கி.மீ. ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் கோட்டூர்புரமும் மயிலாப்பூரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு இடிமேகம் அதைவிடச் சின்னதாகவே இருக்கலாம்.

போதாக்குறைக்கு எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்கர் 1961-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கம்ப்யூட்டரில் வானிலை மாடல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவர், பழைய ரிசல்ட்டைத் திரும்பப் பார்க்க 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் சோம்பல்பட்டு 0.506 என்று போட்டுவிட்டு காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் முற்றிலும் வேறு வானிலை! ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம், போகப் போகப் பூதாகரமாகிவிட்டது. வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் புயல் என்கிறார்களே, அந்தக் கதையின் ஆரம்பம் இதுதான். வங்கக் கடலின் நடுவே ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் நாம் தெர்மாமீட்டர் நட்டு வைக்கவில்லை. அப்புறம் எப்படி ஆறாவது தசம ஸ்தானம் வரை துல்லியம் கிடைக்கும்?

2021 டிசம்பர் 30 இதற்கு நல்ல சாம்பிள். மிதமான மழை என்றுதான் எதிர்பார்ப்பு. மதியத்துக்கு மேல் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் எல்லாம் பத்து செ.மீ.யைத் தாண்டி ஊற்றித் தள்ளியது. ஆபீஸ் விட்டவர்கள் நடுராத்திரிவரை ரோட்டில். முதலமைச்சரே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும்படி ஆனது. அன்றைக்கு எச்சரிக்கை இல்லாமல் மழை வந்தது. 2024-ல் எச்சரிக்கை வந்து மழை வரவில்லை. இரண்டு தப்பும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. சித்ரா நகரில் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், டி.வி., மிஷின், பாப்பாவின் சர்டிபிகேட் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம். மேல் வீட்டு அக்காவிடம் சொல்லி, நாலு பேரைப் பிடித்து எல்லாவற்றையும் மேலே ஏற்ற ஆயிரம் ரூபாயும் ஒரு ராத்திரித் தூக்கமும் செலவு. வெள்ளம் வர பத்தில் ஒரு சான்ஸ்தான் என்றாலும், சராசரி நஷ்டம் பத்தாயிரம். அப்போது ஏற்றுவதுதான் லாபம். ஆனால் பத்தில் ஒன்பது தடவை ஏற்றியது வீண் என்றுதான் தோன்றும்! ஒன்பது தடவையும் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். மூன்றாவது மாடி ஹாஸ்டலில் மெத்தையில் படுத்தபடி ‘ரெட் அலர்ட் புஸ்’ என்று மெசேஜ் தட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு புரியாது. அவருக்கு மழை வந்தாலும் செலவில்லை, வராவிட்டாலும் செலவில்லை. லீவு மட்டும் லாபம். அந்த மெசேஜை அடுத்த தடவை படித்துவிட்டு ஃபிரிட்ஜை ஏற்றாமல் விடப்போகிறவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வேளச்சேரி கார்க்காரர் விஷயத்தில் என் ஓட்டு யாருக்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

அறிக்கையைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்வாசிக்குள்தான் பெய்யும் என்று அர்த்தம். உங்கள் தெருவில் தூறலே இல்லை என்றாலும் அறிக்கை பொய்யாகிவிடாது. ‘கனமழை’ என்பதும் சும்மா அலங்கார வார்த்தை இல்லை. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. ‘மிக கனமழை’ 12 முதல் 20. அதற்கு மேல் ‘அதி கனமழை’. அந்த 24 மணி நேரமும் காலை எட்டரைக்கு எட்டரை. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

செ.மீ. கணக்கு மனசில் நிற்கவில்லையா? சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அது முழுக்க 24 செ.மீ. பெய்தால், வந்து விழுகிற தண்ணீர் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரி ஒன்றுக்குச் சமம். ஒரே நாளில் ஒரு ஏரியைத் தூக்கிவந்து ஊர் தலையில் கவிழ்ப்பது மாதிரி!

ஐந்து நாள் கழித்து என்ன என்பதை வெறும் சாயலாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கான அறிக்கையை நம்பி பிளான் பண்ணலாம். அடுத்த மூன்று மணி நேரத்துக்குச் சொல்வது, ரேடாரில் மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வது. சென்னைத் துறைமுகப் பக்கம் 2002-லேயே டாப்ளர் ரேடார் வந்துவிட்டது. 2005-ல் மும்பை மூழ்கியபோது அங்கே அது கிடையாது. செல்போனில் பார்த்தால் மேகம் சிவப்பும் மஞ்சளுமாக நகர்வது தெரியும். பல்சரை எடுப்பதா, பஸ்ஸா என்று முடிவு பண்ண இது போதும்.

அடையாற்றங்கரைக்காரர்களுக்கு மட்டும் ஹோம்வொர்க் கொஞ்சம் கூடுதல். தாம்பரத்தில் எத்தனை செ.மீ. என்று பாருங்கள். கடலில் ஏற்றம் எப்போது என்று பாருங்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு வடியத் திணறும். செம்பரம்பாக்கத்தின் மட்டத்தையும் பாருங்கள். முழுக் கொள்ளளவு 24 அடி. 2020 நவம்பரில் நிவர் புயலப்போ 22 அடி வந்ததுமே பட்டப்பகலில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, 1,000 கன அடியில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் கூட்டினார்கள். அந்த அறிவிப்பு வரும்போது கோட்டூர்புரத்தில் பளிச்சென்று வெயில்கூட அடிக்கலாம். அன்றைக்கு ஹாஸ்டலில் சும்மா இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் நாலு பேராகப் போங்கள். ஃபிரிட்ஜ் தூக்க ஆள் தேவைப்படும்.