தடையைச் சுற்றிவந்த பணம்

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை நகரான செயின்ட் ஐவ்ஸில், கோடை முடிந்ததும் பல வீடுகளில் விளக்கெரிவதில்லை. வெளியூர்ச் செல்வந்தர் வாங்கிப் பூட்டிவைத்தவை அவை. புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு மட்டுமே என்ற விதியை, 2016 பொதுவாக்கெடுப்பில் 80 விழுக்காட்டினருக்கு மேல் ஆதரித்தனர். நோக்கம் நியாயமானதே. ஆனால், விதிக்கு உட்படாத பழைய வீடுகளின் பக்கம் பணம் திரும்பியது. இலாபம் குறையுமெனக் கட்டுநர்களும் பின்வாங்கினர். உணவக ஊழியருக்கு வீடு எட்டாக்கனியாகவே நீடிக்கிறது.

2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரி இருமடங்கு. பழைய வீட்டையும் தொடுவதால் இதையே மேலானதென்பேன். இதிலும் ஓட்டை உண்டு: ஆண்டுக்கு 140 நாள் வாடகைக்கு வைத்து, 70 நாளாவது விடுமுறைப் பயணிகளுக்கு விட்டால் அவ்வீடு வணிகச் சொத்தாகிவிடும். சிறுவணிகச் சலுகையும் சேர்ந்தால், சிலர் வரியே கட்ட வேண்டியிராது. முதலில் அடைக்க வேண்டியது அந்தச் சலுகையை.