புலன் இழந்த சொற்கள்

இணையத்தின் வழியே நடைபெறும் சம்பாஷணையில் கண்ணுக்கும் காதுக்குமே இடமுண்டு. மூக்கும் நாவும் மெய்யும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. எழுத்து மாத்திரம் செல்லுமிடத்திலோ காதும் வெளியே நிற்கிறது. பரிகாசம் எது, கோபம் எது என்று விளங்குவதில்லை. இக்குறையை நீக்கவே 1982-ஆம் வருஷம் அமெரிக்காவில், கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்காட் ஃபால்மன் என்பார், நிறுத்தற்குறிகளால் சிரித்த முகமொன்றை அமைத்துப் பரிகாச வாக்கியங்களின் அருகே இடலாமென்று யோசனை கூறினார்.

நம் பாஷையில் இன்சொல், சுடுசொல், கசந்த பேச்சு என்பனவெல்லாம் நாவும் மெய்யும் அறிந்த அநுபவத்திலிருந்து பிறந்தவை. அவ்வநுபவம் அற்றவிடத்தில் சுடுசொல் அளவின்றி வீசப்படுகிறது. எய்தவன் புண்ணைக் காண்பதில்லை. பொதுக்காரியங்களில் பிணக்கு நேரின், மறுமொழி விடுக்குமுன் நேரிற் சென்று முகம் பார்த்துப் பேசுமாறு தொண்டர்களை வேண்டுகிறோம்.