வாடகை குறைந்த ஊரும் வரவில்லாத மாதங்களும்



சென்னையில் மளிகைக் கடை நடத்தும் சிறு வியாபாரிகள் பலர் இப்போது திருச்சிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது நம்மிடம் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். “அண்ணாச்சி, எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் கடை கிடைக்குமா, வாடகை என்ன போகிறது?” என்பதே எல்லோருடைய கேள்வியும். பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலை முதல் பேருந்துகள் வந்துபோகத் தொடங்கியபின் இந்த விசாரிப்பு கூடிவிட்டது. வாடகை கேட்கிறார்களே தவிர, அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் பற்றி எழுத நமக்குத் தகுதி உண்டா என்று சற்று யோசித்தோம். ஏனென்றால் அப்படி வந்த ஒருவரை “தைரியமாக வா தம்பி” என்று அழைத்ததே நாம்தான். அவர் பட்ட பாட்டில் நமக்கும் பங்கு உண்டு.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சிறு வயதில் காந்தி மார்க்கெட்டில் நம் மண்டியில் மூன்று ஆண்டுகள் சிட்டை எழுதிவிட்டு, பிறகு சென்னை சென்று போரூருக்கு அப்பால் சொந்தமாகக் கடை போட்டார். நாணயமானவர். கடைக்கு 28,000, வீட்டுக்கு 16,000 என்று மாதம் 44,000 ரூபாய் வாடகை கட்டினார். “அண்ணாச்சி, கட்டடக்காரருக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரன்” என்று சொல்லிச் சிரிப்பார். புதூரில் அவருக்கு 12,000 ரூபாயில் கடையும் 8,000 ரூபாயில் வீடும் பார்த்துக் கொடுத்தோம். மாதம் 24,000 மிச்சம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நாமும் நினைத்தோம், அவரும் நினைத்தார். 2024-ல் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

வருவதற்கு முன் ஒரு காகிதத்தில் செலவுக் கணக்குப் போட்டுக் காட்டினார். கடைக்கும் வீட்டுக்கும் ஐந்து ஐந்து மாத முன்பணம் ஒரு லட்சம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் சுங்கச்சாவடிகள் எல்லாம் சேர்த்து 35,000. அலமாரி, வெள்ளையடிப்பு, பெயர்ப்பலகை 75,000. பூஜை, பயணம், சில்லறைச் செலவு 30,000. ஆக 2,40,000. காகிதத்தைப் பார்த்துவிட்டு நாம் “லாரிக்கு இவ்வளவு வேண்டாம், தெற்கே வெறுமையாகத் திரும்பும் லாரியைப் பிடித்தால் குறையும்” என்று யோசனை சொன்னோம். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மொத்த வியாபாரி சொன்ன யோசனை அவ்வளவுதான்!

அந்தக் காகிதத்தில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. அதைப் பின்னர் அவரும் நாமும் கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து போட்டோம்.

சென்னையில் அவருக்கு நாள் விற்பனை சராசரி 19,500. நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கும் என்று வைத்தால் மாதம் 70,200. வாடகை 44,000, மின்கட்டணம் முதலியன 6,000 போக, சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் 20,000 தேறியது. புதூரில் வாடகை 20,000, மின்கட்டணம் முதலியன 6,000, குடும்பத்துக்கு 20,000 என்றால் 46,000 கிடைத்தால் போதும். அதற்கு நாள் விற்பனை 12,800 ஆனாலே சென்னையில் 19,500 விற்றதற்குச் சமம். ஆகவே அவர் புறப்பட்டு வந்தது முட்டாள்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் 12,800 முதல் நாளே வந்துவிடுமா? முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 4,500 விற்றது. அதில் மாதம் நிற்பது 16,200. துண்டு விழுவது 29,800. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 90,000 போயிற்று. அடுத்த மூன்று மாதம் விற்பனை சராசரி 6,000; அதில் 73,000 போயிற்று. பிறகு மெள்ள ஏறி ஆண்டு முடிவில் 12,000-ஐத் தொட்டது; அந்த ஆறு மாதத்தில் இன்னொரு 70,000. எல்லாம் சேர்த்தால் 2,33,000. அதாவது, இடம் மாறுவதற்கு எவ்வளவு செலவோ, ஏறத்தாழ அதே அளவு தொகை, வாடிக்கை பிடிக்கும்வரை உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் வேண்டியிருந்தது. முதல் தொகை காகிதத்தில் இருந்தது. இரண்டாவது தொகையை அவரும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை.

கையில் பணம் இல்லாமலா வந்தார் என்று கேட்பீர்கள். இருந்தது, காகிதத்தில். சென்னைக் கடைக்குப் பத்து மாத வாடகையான 2,80,000 ரூபாய் முன்பணமாகக் கட்டடக்காரரிடம் இருந்தது. அவரோ, “அடுத்த ஆள் வந்து முன்பணம் கொடுத்ததும் தருகிறேன்” என்றார். அது கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. வாடிக்கையாளர் நோட்டில் 1,80,000 பாக்கி. கடை மாற்றப்போகிறோம் என்று தெரிந்ததும் பாக்கிக்காரர்கள் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார்கள். வசூலானது 70,000. மாறாக, இவர் சரக்கு வாங்கிய இடத்தில் கொடுக்க வேண்டிய 2,10,000-ஐ லாரி ஏற்றுமுன் பைசா பாக்கியில்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. நாமாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஊரைவிட்டுப் போகிறவனுக்கு வரவேண்டியது தவணை தவணையாக வரும், கொடுக்க வேண்டியது ஒரே நாளில் வாசலில் நிற்கும். போதாததற்கு எடுத்துவிட்ட சீட்டு ஒன்றின் தவணை மாதம் 5,000 சென்னைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

நாம் அவருக்குப் பதினைந்து நாள் கடனில் சரக்குக் கொடுத்தோம். விற்ற பணத்தில் வாடகை கொடுத்தார், பள்ளிக்குக் கட்டினார், சாப்பிட்டார். வேறு வழி இல்லை. சரக்குப் பணம் இப்படித்தான் கரையும். பாக்கி 1,40,000 ஆனது. 2024 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கணக்கப்பிள்ளை பேரேட்டைக் காட்ட, நாம் “பழைய பாக்கி வராமல் பருப்பு மூட்டை ஏற்ற வேண்டாம்” என்று சொல்லிவிட்டோம். மளிகைக்காரனுக்குத் தீபாவளிக்கு முன் பத்து நாள் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை அவரே மஞ்சள் பையில் ரொக்கத்தோடு வந்தார். அந்தச் சரக்குக்கு உரிய பணத்தை எண்ணி வைத்தார். அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போனது நமக்கு மறுவாரம்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொண்டோம். மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் மத்திய வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்களே, காந்தி மார்க்கெட் காய்கறி வியாபாரிகள் போனார்களா? புதுக் கட்டடம், சாலை வசதி எல்லாம் இருந்தும், கடைகள் சிறியவை, தொலைவு அதிகம், சில்லறைக்காரர் அங்கு வரமாட்டார் என்று மறுத்தார்கள். மளிகைத் தரப்பில் நாமும் அதை நியாயம் என்றே பேசினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வாடிக்கை போய்விடும் என்று நமக்குத் தெரிந்தது. 330 கிலோமீட்டர் தள்ளி வரும் சிறு கடைக்காரரிடம் மட்டும் “வாடகை குறைவு, வா” என்றோம். நம் முதலுக்கு ஒரு கணக்கு, அவர் முதலுக்கு ஒரு கணக்கா?

சந்தை மொத்தமாக இடம் மாறுவது வேறு. 1996-ல் சென்னைக் கொத்தவால்சாவடிக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது விற்பவர் எல்லோரும் சேர்ந்தே போனதால் வாங்குபவரும் பின்னால் வந்தார்கள். 2020-ல் கொரோனாவுக்காகக் கோயம்பேடு மூடப்பட்டு வியாபாரம் திருமழிசைக்குப் போனதும், நம் காந்தி மார்க்கெட் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனதும் அப்படியே. இன்னல் இருந்தது, ஆனால் வேறு சந்தை இல்லாததால் வாடிக்கை அறுந்துவிடவில்லை. தனி ஆள் மாறும்போது வாடிக்கை ஒன்றுகூடப் பின்னால் வராது.

நம் தென்மாவட்டத்துப் பெரியவர்கள் சென்னைக்குப் போன முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் பையன் போவான். உறவினர் கடையில் பொட்டலம் மடிப்பான், படுக்கையும் அங்கேதான். எந்தத் தெருவில் மாதச் சம்பளக்காரர், எந்தத் தெருவில் நாள்கூலிக்காரர், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் சில ஆண்டுகளில் அவனுக்கு அத்துப்படி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் முன்பணம், பெயர்ப்பலகை எல்லாம். ஊரைத் தெரிந்துகொள்ளும் செலவு அவர்களுக்கு முதலாளியின் சாப்பாட்டில் கழிந்தது. திரும்பி வருகிறவர்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

பேருந்து முனையத்தை நம்பி வருவோருக்கும் ஒரு சொல். பேருந்துக்குக் காத்திருப்பவர் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்குவார். ஐந்து கிலோ துவரம்பருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மதுரைப் பேருந்தில் ஏறமாட்டார். மளிகைக்கு வேண்டியது தெருவில் குடியிருக்கும் குடும்பங்கள்தாம். முனையத்தைக் காட்டி வாடகையை ஏற்றிக் கேட்கும் கட்டடக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசலாம்.

தாள்கள் விஷயம் அவ்வளவு பயப்படத் தக்கதன்று. தமிழ்நாட்டுக்குள் மாறுவதால் ஜி.எஸ்.டி. எண் அதேதான், முகவரி மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் பதிய வேண்டும். விற்பனை இல்லாமல் நம் சரக்கை நாமே கொண்டுவந்தாலும், மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் இ-வே பில் போடாமல் லாரியை எடுக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்துக்கு உரியது, ஆகையால் புதிதாக எடுக்க வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமமும் அப்படியே. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சென்னை முன்பணத்துக்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய துண்டுச் சீட்டு மட்டுமே.

மொத்த வியாபாரிகளான நாம் செய்யக்கூடியதும் உண்டு. தீபாவளி கழிந்ததும் அவருடைய 1,40,000 பாக்கியைத் தனிப் பக்கத்தில் நிறுத்தி, மாதம் 7,500 என்று தவணை வைத்தோம். புதுச் சரக்கை மூட்டை மூட்டையாகத் திணிக்காமல், அன்றாடம் தேவைப்பட்டதை ரொக்கத்துக்குக் கொடுத்தோம். விற்காத சரக்கு தேங்கவில்லை, பாக்கியும் ஏறவில்லை. இதை மே மாதமே செய்திருக்கலாம். கடனை அள்ளிக் கொடுத்துவிட்டு ஆறாம் மாதம் கதவடைப்பதைக் காட்டிலும், முதல் நாளிலேயே அளவாகக் கொடுத்திருந்தால் அந்த வளையல்கள் கையிலேயே இருந்திருக்கும்.

அவர் இப்போதும் புதூரில்தான் இருக்கிறார். நாள் விற்பனை 13,000-ஐ ஒட்டி நிற்கிறது. நம் பழைய பாக்கியில் 35,000 மீதம். வளையலில் ஒரு ஜோடியை மீட்டுவிட்டதாகச் சொன்னார்.

சென்ற வாரம் பல்லாவரத்திலிருந்து ஒருவர் அழைத்தார். வாடகை என்ன என்றுதான் ஆரம்பித்தார். “தம்பி, அது இருக்கட்டும். ஒரு பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு வா. புதூரில் அந்தக் கடையில் நின்று பொட்டலம் கட்டு. சாப்பாடு நம் வீட்டில்” என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.