குளக்கரையிற் கூடாரம்

ஆடி மாதம் பிறந்ததும் உரும்பிராயில் விருந்தினர் வருகை தொடங்கிவிடும். கடல் கடந்து வாழும் நம் உறவினர் பள்ளி விடுமுறையிற் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கின்றன. கோவில் வீதிகளிற் புது முகங்கள் தோன்றுகின்றன. இவ்வாண்டு என் தங்கை குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் மாலை, பதின்மூன்று வயதுடைய என் மூத்த மருமகன் ஒரு தாளைக் கொணர்ந்து என் முன் வைத்தான். கூடாரம், போர்வை, கைவிளக்கு, சமையற் பாத்திரம், கயிறு என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது.

கோடைதோறும் அவர்கள் ஏரிக்கரைப் பூங்காக்களிற் கூடாரமடித்துத் தங்குவது வழக்கமாம். சில பூங்காக்களிற் குதிரைமேற் செல்வதற்கென்றே மரங்களினூடே தனிப்பாதை அமைத்திருக்கிறார்களாம். “மாமா, நெடுந்தீவிலை குதிரை நிக்குதெண்டு அம்மா சொன்னவா. அங்கை ரெண்டு இரவு தங்குவமோ?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். ஆயினும், திட்டமிட அமர்ந்தபோதுதான் இரு நாடுகளுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புலனாயிற்று. ஒன்ராறியோ மாகாணத்தில் 1893 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அல்கொன்குவின் பூங்காவுக்குள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அங்கே கூடாரமடிப்போர் எந்த ஏரிக்கு எந்தப் பாதை என்றுதான் ஆராய்வர். நம் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழையே நமக்கு ஆண்டு முழுவதற்குமான முதல். அந்நீரிற் சிறு பகுதி குளங்களிலே தங்கும். ஒரு பகுதி சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் இறங்கிக் கிணறுகளில் ஊறும். செம்மண் தோட்டத்து வெங்காயத்துக்கும் வாழைக்கும் இறைப்பதும் அதுவே. நாம் குடிப்பதும் அதுவே. ஆடியிற் சோழகக் காற்று வீசும்போது குளங்கள் பலவற்றில் எஞ்சுவது வெடித்த சேறுதான்.

நெடுந்தீவின் நிலை இதனினுங் கடியது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவு, குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. முருகைக்கல் அடுக்கிய வேலிகளும் பனைகளும் புல்வெளியுமாகக் கிடக்கும் அந்நிலத்தில் நன்னீர்க் கிணறுகள் சிலவே. அங்கே திரியும் மட்டக்குதிரைகள், போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்டு ஒல்லாந்தர் காலத்திற் பெருகியவற்றின் வழிவந்தவை என்பர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ற் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அங்கு குதிரைகளை வளர்ப்பித்தார். ஆட்சிகள் போயின; குதிரைகள் நின்றுவிட்டன. கொம்பும் இலாடமும் இன்றி, உரிமையாளரும் இன்றி, அவை தாமே புல் தேடித் தாமே நீர் தேடி வாழ்கின்றன. கடும் வறட்சி கண்ட ஆண்டுகளில் அவை நீரின்றி மடிந்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். 2015 ஆம் ஆண்டில் தீவின் 1,846 ஹெக்டயர் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் எல்லைக்குள் தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

மருமகனின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். நாங்கள் எட்டுப் பேர். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க என்று ஆளுக்கு 50 லீற்றர் வைத்தாலும் நாளொன்றுக்கு 400 லீற்றர் வேண்டும். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு 25 லீற்றர் குடிப்பதாகக் கொண்டால், நம் ஒரு நாட் செலவு பதினாறு குதிரைகளின் தாகத்தைத் தணிக்கும் நீராகும். பட்டியலில் எல்லாம் இருந்தன, தண்ணீர் இருக்கவில்லை. கனடாவிலே பிறந்த பிள்ளை அதை மறந்தது வியப்பன்று. இவ்வூர்க் கிணற்றடியில் வளர்ந்த எனக்கும் கணக்கெழுதும்வரை அது தோன்றவில்லையே!

நெடுந்தீவிலுள்ள முதிய நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் யோசனை கேட்டேன். “வாருங்கோ தம்பி. சாப்பாட்டை நாங்கள் பாப்பம். தண்ணியை மட்டும் கையோடை கொண்டு வாருங்கோ” என்றார். வந்தாரை உபசரிப்பதிற் பெயர்பெற்ற மண்ணில் ஒருவர் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்ல நேர்வது எத்துணை வருத்தத்தோடு என்பதை அவர் குரலே உணர்த்திற்று.

இதையெல்லாம் சொன்னால் மருமகன் முகம் வாடிவிடும் என்று அஞ்சினேன். அவனோ சற்று நேரம் யோசித்துவிட்டு, தங்கள் பாசறையிற் கற்பிக்கும் விதியொன்றைச் சொன்னான். நீரோரத்திலிருந்து எழுபது பெரிய அடி தள்ளியே கூடாரம் அடிக்க வேண்டுமாம். ஏறத்தாழ 60 மீற்றர் ஆகும். இரவில் நீர் அருந்த வரும் விலங்குகளின் வழியை மறிக்கலாகாது என்பதும், சவர்க்கார நீர் ஏரியிற் கலக்கலாகாது என்பதும் அதன் காரணங்களாம். “அங்கை குளம் சின்னனெண்டால், இன்னும் தள்ளிப் போகவேணும், என்ன மாமா?” என்றான்.

ஆயிரம் ஏரி உடைய நாட்டார் தம் ஏரிக்கு எழுபது அடி விலகி நிற்கிறார்கள். குட்டைகளை நம்பி வாழும் நாமோ குளக்கரைக்கே வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பிளாஸ்ரிக் போத்தல்களை அங்கேயே எறிந்து மீள்கிறோம். குதிரையைக் கண்டதும் படமெடுக்கத் துரத்துவோரும் உண்டு. நீரின் அருமை தெரியும் என்று பெருமை பேசும் நமக்கு இது அழகாகுமா?

இளைஞர்கள் நெடுந்தீவுக்குப் போகவேண்டாம் என்று நான் எழுதவில்லை. போகத்தான் வேண்டும். தம் நாட்டு மண்ணில் ஓரிரவு படுத்து எழாதவனுக்கு அந்நாட்டின்மேற் பற்று எங்ஙனம் உண்டாகும்? ஆனால் போவதற்கு ஒரு முறை உண்டு. தங்கும் பயணத்தை மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். கோடையில் வருவோர் காலைப் படகிற் சென்று மாலைப் படகில் மீளலாம். குடிநீரைக் கையோடு கொண்டுபோகலாம். பொறுப்பிலுள்ளோரும் குதிரைகள் நீர் அருந்தும் இடங்களைக் கோடைக்கு முன்னரே தூர்வாரி, வற்றுங் காலத்தில் தொட்டிகளிலே நீர் நிரப்ப ஒழுங்கு செய்தல் வேண்டும். கூடாரம் அடிப்பதற்குக் குளங்களுக்கு அப்பால் ஓரிடத்தை வரையறுத்து, அதன் பராமரிப்பைத் தீவு மக்களிடமே ஒப்படைத்தால் அவர்களுக்கும் வருவாய் உண்டாகும். ஆளில்லாத தீவுக்குப் போவதுபோற் போய் மீள்வது அங்கு வாழ்வோருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

இறுதியில் நாங்கள் ஒரு பகற்பயணமே சென்றோம். ஆளுக்கொரு நீர்க்கலனைச் சுமந்துகொண்டு குறிகட்டுவானிற் படகேறினோம். தெற்குப் புல்வெளியிற் காய்ந்த புல்லினிடையே ஒடுங்கிய தடங்கள் பல திசைகளிலிருந்தும் வந்து ஒரே பள்ளத்திற் கூடுவதை மருமகன் கண்டுபிடித்தான். அவனுடைய நாட்டிற் குதிரைப் பாதையை மனிதர் வெட்டுகின்றனர். இங்கே குதிரைகள் தம் தாகத்தாலேயே பாதை வகுத்திருந்தன. பள்ளத்தின் நடுவே ஒரு முற்றத்தளவு நீர் கலங்கிக் கிடந்தது. தொலைவில் ஒரு தாய்க்குதிரை தன் குட்டியோடு எங்களைப் பார்த்தபடி அசையாது நின்றது.

“நாங்கள் நிண்டால் அவை வராதுகள், மாமா” என்றான் அவன். எழுந்து நடந்தோம். எழுபது அடியும் கடந்து வேலியோரம் சென்று திரும்பிப் பார்த்தபோது, இரண்டும் தலை தாழ்த்தி நீர் அருந்திக்கொண்டிருந்தன.

அன்றிரவு எங்கள் வளவிலுள்ள பனைகளின் கீழ்க் கூடாரத்தை அடித்தோம். தை மாதத்துக்கென்று மருமகன் புதிய பட்டியலொன்று எழுதி என்னிடம் தந்திருக்கிறான். அதில் முதலாவதாகத் தண்ணீர் இருக்கிறது.