பழுதுபார்க்கும் மேசையில் பிறந்த இசை

ஜொகூரில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் பேண்டு அறையில் ஓர் ஆல்டோ சாக்சபோன் இருந்தது. கீழ்ச்சுரங்கள் ஒலிக்காததால், ‘கெட்டுப்போன கருவி’ என்று இரண்டு ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. ஒருநாள், கருவிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அறையை இருட்டாக்கி, குழலுக்குள் ஒரு சிறு விளக்கை விட்டார். மூடியிருந்த ஒரு சாவியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. “வெளிச்சம் போகும் வழியில் காற்றும் போகும், தம்பி” என்றார். அங்கிருந்த தோல் பேடை மாற்றியதும் கருவி பாடியது.

உலகப் புகழ்பெற்ற ஜப்பானிய சாக்சபோன் நிறுவனமான யனாகிசாவாவின் கதையும் இப்படிப்பட்ட மேசையில்தான் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுதாரோ யனாகிசாவா, ராணுவ பேண்டுக் கலைஞர்களின் இறக்குமதிக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தார். அவர் மகன் தகநோபு 1951இல் தம் முதல் சாக்சபோன் மாதிரியை உருவாக்கினார். பிறர் செய்த கருவிகளைக் கழற்றிப் பூட்டிய குடும்பம், பிறகு தானே கருவி செய்தது. பெல்ஜியத்தின் அடோல்ப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி இப்படித்தான் தோக்கியோவுக்கும் சொந்தமானது.

நம் இசைக்கும் அது சொந்தமானது. நாகசுரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கினார். நாகசுரத்தில் விரல் துளையின் மேலேயே நகர்வதால் கமகம் குழையும். சாக்சபோனிலோ துளைகளைச் சாவிகள் மூடுகின்றன. அவர் கருவியில் மாற்றங்கள் செய்து, பல ஆண்டுகள் சாதகம் செய்து, அதில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் பிபிசி புரோம்ஸ் மேடையில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ திரைப்படத்தில் அவர் வாசிப்பைத் தமிழுலகமே கேட்டது.

நம்மில் பலர் புறப்பாட மதிப்பெண்ணுக்காகவே பேண்டில் சேர்கிறோம்; எஸ்.பி.எம். முடிந்ததும் கருவியை மறந்துவிடுகிறோம். தேர்வுச் சுமை உண்மைதான். நல்ல சாக்சபோனின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் எட்டாது என்பதும் உண்மை. அதனால்தான் பள்ளியில் இருக்கும் கருவியைக் காப்பாற்றுவது அவசியமாகிறது. வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பெட்டியை மூடினால், பேடுகள் சீக்கிரம் கெடும். பழுதுபார்ப்பவர் வந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

பேண்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாசிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, ஆண்டுக்கு ஒருநாளாவது கருவியைத் திறந்து காட்டுங்கள்.

உங்கள் பள்ளிக் கிடங்கிலும் ஒரு பெட்டி தூசி படிந்து கிடக்கலாம். அதைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு பேடை மாற்றினால் போதுமானதாக இருக்கலாம்.