ஐதன்னாவுக்கு யார் விருது கொடுத்தார்கள்?

ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் செத்த மாடுகளின் தோலை உரித்தவர் என் தாத்தா. தோல் தொழிற்சாலைக்குப் போகும். மிச்சத்தைப் பாறுகள் தின்று தீர்க்கும். ஊரில் நாற்றமும் நோயும் பரவாமல் காத்தது இந்த இரு தரப்பின் உழைப்பு. ஊரோ இருவரையும் தீட்டு என்றே ஒதுக்கியது.

"மாடு செத்து ரெண்டு நாளாச்சு, ஒரு பாறுகூட எறங்கலடா" என்று தொண்ணூறுகளில் தாத்தா சொன்னபோது நான் பள்ளிக்கூடப் பையன். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பதை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. ஆய்வாளர்களுக்குக் கிடைத்த மரியாதை நியாயமானதே. ஆனால் செத்த மாட்டின் பக்கத்திலேயே நின்ற என் தாத்தாவிடம் குறிப்பேட்டோடு யாரும் வரவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. நமக்குப் பக்கத்திலிருக்கும் கடப்பா காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்று கருதப்பட்ட ஒரு பறவை 1986 ஜனவரியில் அங்கே மீண்டும் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தேடிக்கொண்டிருந்த அந்தப் பறவையைக் கையில் பிடித்துக் காட்டியவர் ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கலிவி கோடி' என்று பெயரே வைத்திருந்தார்கள். உலகமோ இன்றும் ஆங்கிலேய மருத்துவர் ஜெர்டனின் பெயரால்தான் அதை அழைக்கிறது.

மாற்ற முடியாத வழக்கமா இது? பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் அதே விருது செங்கல்பட்டு இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் கிடைத்தது. தாமதம்தான், ஆனாலும் நடந்தது. பாம்பு அறிவுக்குக் கிடைத்த மதிப்பு பறவை அறிவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

"குலத்தொழிலைப் போற்றுகிறாயா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இல்லை. செத்த மாட்டைச் சுமக்கும் வேலையை விட்டொழிக்கச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். என் அப்பா அந்தக் கத்தியைத் தொடவே இல்லை. அதில் எனக்குப் பெருமை. நான் கேட்பது வேறு. தொழிலை விடுவோம். ஆனால் அந்தத் தொழிலில் எங்கள் மக்கள் சேர்த்த அறிவை, பெயரில்லாமல் இன்னொருவர் கணக்கில் எழுத விடமாட்டோம்.

பொன்னாடை மட்டும் மரியாதை ஆகாது. ஆய்வுக் கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் இருக்க வேண்டும். காட்டுக்குக் கூட்டிப்போனவருக்கு உரிய கூலி வேண்டும். சரணாலயங்களில் தற்காலிகமாக உழைக்கும் காவலர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஏரிகளுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் போகும் இளைய தோழர்களே! கரையில் ஆடு மேய்ப்பவரிடம், சேரிப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் சொல்லும் பறவைப் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே, அவர்கள் சம்மதத்தோடு, அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள்.